பாரையா, வங்கடையா? வாலடியைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி இது: "புதுச்சேரியில் வீடுகளுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுக்கும் சிறு தொழில் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. தேங்காய்த்திட்டிலும், சில நாள் கடலூர் முதுநகரிலும் வாங்குகிறேன். பாரை என்று கேட்டால் ஒரே கூடையில் நான்கைந்து விதமான மீன் வருகிறது. போன வாரம் ஒரு வாடிக்கையாளர், 'இது பாரையே இல்லை, வங்கடை' என்று திருப்பி அனுப்பிவிட்டார். கொடுத்தவரோ இதுவும் பாரைதான் என்கிறார். யார் சொல்வது சரி? எப்படிப் பிரித்து அறிவது?"

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். பாரை என்பது ஒரு மீனின் பெயர் கிடையாது, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். விலங்கியலில் அதைக் கேரஞ்சிடே என்பார்கள். உலகக் கடல்களில் சுமார் 150 இனங்கள் இதில் உண்டு. வங்கடையும் அந்தக் குடும்பம்தான், அதனால் கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பாரை கேட்டவர் எதிர்பார்ப்பது வெள்ளைக் கறியும் அகலத் துண்டும் உள்ள மீன். வங்கடையின் கறி சிவப்பு, அதன் உடல் உருண்டை, விலையும் குறைவு. குடும்பம் ஒன்று என்பதற்காக விலையும் ருசியும் ஒன்றாகிவிடாது, அதனால் அவர் கோபப்பட்டதும் நியாயமே.

நான் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவள். அதன் பிறகு பல வருடம் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடிகாலையில் நின்று, படகிலிருந்து இறங்கும் மீனை இனம் பிரித்துக் குறித்திருக்கிறேன். ஆரம்பத்தில் நான் செய்த தவறைத்தான் நீங்களும் செய்வீர்கள் என்று நினைக்கிறேன். அது நிறத்தைப் பார்ப்பது. டெகாப்டீரஸ் என்ற சின்னப் பாரை வகையாக நான் எழுதி வைத்த மீன்களில் பாதி வேறு இனம் என்று மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த மூன்று வாரக் கணக்கையும் அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். அப்போது ஏலத்தில் இருந்த ஒரு பெரியவர் ஒரு மீனைத் தூக்கி என் கையில் கொடுத்து, "மேல பாக்காத பாப்பா, வால கையில புடிச்சுப் பாரு" என்றார். பாரைகளைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான பாடம் அதுதான்.

நிறத்தை ஏன் நம்பக்கூடாது? உயிரோடு இருக்கும்போது தங்கமாக மின்னும் மீன், ஐஸில் நான்கு மணி நேரம் கிடந்தால் சாம்பல் ஆகிவிடும். குட்டியில் கறுப்புப் பட்டை இருக்கும், வளர்ந்தால் போய்விடும். மஞ்சள் துடுப்பு ஐந்தாறு இனங்களில் உண்டு. நிறத்தைக் கடைசிச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், முதல் சாட்சியாக வேண்டாம். முதலில் விரலால் பாருங்கள்.

மீனைப் பக்கவாட்டில் கிடத்துங்கள். செவுளுக்குப் பின்னால் தொடங்கி உடம்பின் நடுவே ஒரு கோடு ஓடும், அதுதான் பக்கக்கோடு. பாரைகளில் அது முதலில் முதுகுப் பக்கம் வில்லாக வளைந்து, பிறகு நேராகி வால் வரை போகும். அந்த நேர் பகுதியில் சாதாரணச் செதிலுக்குப் பதிலாகக் கடினமான, நடுவில் கூர் உள்ள செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். இதை முள்செதில் என்று வைத்துக்கொள்வோம். வாலிலிருந்து தலைப் பக்கமாக மெதுவாக விரலை ஓட்டினால் ரம்பம் மாதிரி தடுக்கும். வேகமாக ஓட்டினால் தோலைக் கிழித்துவிடும். வீட்டில் பாரை வெட்டும்போது இந்தப் பட்டையை வாலடியில் கத்தி கொடுத்துத் தலைப்பக்கமாகச் சீவி எடுப்பார்களே, அதேதான்.

இன்னொரு குடும்ப அடையாளமும் உண்டு. மலத்துளைக்குப் பின்னால், அடித்துடுப்புக்கு முன்னால், துடுப்போடு ஒட்டாமல் தனியாக இரண்டு சின்ன முட்கள் நிற்கும். பெரிய மீன்களில் அவை தோலுக்குள் புதைந்துபோகும், அப்போது தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வஞ்சிரத்திலோ கானாங்கெளுத்தியிலோ சூரையிலோ இந்தத் தனி முட்கள் இருக்காது. கூடையில் இருப்பது பாரைக் குடும்பமா இல்லையா என்ற சந்தேகம் இதோடு தீர்ந்துவிடும்.

சரி, வங்கடைக்கு வருவோம். அறிவியல் பெயர் மெகலாஸ்பிஸ் கார்டைலா. மெகலாஸ்பிஸ் என்றால் பெரிய கேடயம். பொருத்தமான பெயர்தான், ஏனென்றால் இதன் முள்செதில்கள் மற்ற எந்தப் பாரையிலும் பார்க்க முடியாத அளவு பெரியவை. வாலடியைப் பிடித்தால் கத்தியைப் பிடித்த மாதிரி இருக்கும். 50-க்கு மேல் செதில்கள் வரிசையாக நிற்கும். வாலடி மேலும் கீழும் நசுங்கி, பக்கவாட்டில் விளிம்பு தள்ளி இருக்கும். மார்புத் துடுப்பு அரிவாள் மாதிரி நீளமாக வளைந்திருக்கும். செவுள் மூடியின் மேல் விளிம்பில் ஒரு கறுப்புப் பொட்டு உண்டு. இதையெல்லாம்விடச் சுலபமான அடையாளம் குட்டித் துடுப்புகள். முதுகுத் துடுப்புக்குப் பின்னால் வால் வரைக்கும் ஏழு, எட்டு, சிலதில் ஒன்பது என்று தனித்தனியாக நிற்கும், அடிப்பக்கமும் அதே மாதிரி. வஞ்சிரத்தில் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் புதிதாக வருபவர்கள் வங்கடையைச் சூரைக்குட்டி என்றோ பெரிய கானாங்கெளுத்தி என்றோ நினைத்துவிடுகிறார்கள். குட்டித் துடுப்பும் முள்செதிலும் சேர்ந்து இருந்தால் வங்கடை. குட்டித் துடுப்பு வரிசை இருந்து முள்செதில் இல்லாவிட்டால் அது வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி இருக்கும் பக்கம்.

முதுகில் ஒன்றும் அடியில் ஒன்றுமாக ஒரே ஒரு குட்டித் துடுப்பு மட்டும் தனியாக நின்று, உடல் சுருட்டு மாதிரி உருண்டு நீண்டிருந்தால் அது டெகாப்டீரஸ். ஏற்றுமதிக்காரர்கள் இந்தியன் ஸ்காட் என்று சொல்வது பெரும்பாலும் டெகாப்டீரஸ் ரஸ்ஸெல்லி. 1700-களின் கடைசியில் விசாகப்பட்டினத்தில் இருந்து மீன்களை வரைந்து விவரித்த பாட்ரிக் ரஸ்ஸெல் என்ற மருத்துவரின் பெயர்தான் அதில் இருக்கிறது. நம் கடற்கரையில் விசைப்படகு இழுவலையில் நிறைய வரும். இதைவிட ஒல்லியாக, நீளமாக இருந்தால் டெகாப்டீரஸ் மேக்ரோசோமா. வால் சிவப்பாக இருக்கும் வகைகளும் உண்டு.

நான் மூன்று வாரம் தடுமாறியது இந்த இடத்தில்தான். ஆட்டூலி மேட் என்று ஒரு மீன் இருக்கிறது. அதன் முதுகுத் துடுப்பிலும் அடித்துடுப்பிலும் கடைசிக் கதிர் மற்றதைவிட நீண்டு, பாதி பிரிந்த மாதிரி நிற்கும். அவசரத்தில் பார்த்தால் டெகாப்டீரஸின் குட்டித் துடுப்பு என்றே தோன்றும். ஆனால் கதிரை மெல்லத் தூக்கிப் பார்த்தால், அடியில் சவ்வால் துடுப்போடு இணைந்திருப்பது தெரியும். டெகாப்டீரஸில் அந்த இணைப்பு இருக்காது. அப்புறம் ஆட்டூலியின் உடல் டெகாப்டீரஸ் அளவு உருண்டை இல்லை, கொஞ்சம் தட்டை.

இந்தச் சின்ன வகைகளில் கண்ணையும் பாருங்கள். பல பாரைகளுக்குக் கண்மேல் கண்ணாடி மாதிரி ஒரு கொழுப்புப் படலம் இருக்கும். ஆட்டூலியில் அது கண்ணை முழுவதும் மூடி, நடுவில் செங்குத்தாக ஒரு கீறல் மட்டும் விட்டிருக்கும். கண் பெரிதாக முழித்துக்கொண்டிருக்கும் செலார் வகையிலும் படலம் அப்படித்தான். அப்படியானால் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? செவுள் மூடியைத் தூக்குங்கள். செலாரில் செவுள் திறப்பின் பின் விளிம்பில், கீழ்ப்பக்கமாக, ஒரு ஆழமான பள்ளமும் அதற்கு மேல் சதைக் காம்பு மாதிரி ஒரு மேடும் இருக்கும். வேறு சின்னப் பாரைகளில் இது கிடையாது. ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது. செலார் க்ரூமெனாஃப்தால்மஸ் என்று 1793-ல் ஜெர்மன் மீனியலாளர் ப்ளாக் வைத்த பெயருக்குப் 'பணப்பைக் கண்' என்று பொருள் சொல்லலாம், கண்ணை மூடும் அந்தப் படலத்தைப் பார்த்து வைத்ததாக இருக்கும்.

கண்ணிலிருந்து வால் வரை அகலமான மஞ்சள் பட்டையோடு, கை நீளத்துக்குள் அடங்கி, கூறு போட்டு விற்கும் மீன் செலராய்டிஸ் லெப்டோலெபிஸ். செவுளுக்கு மேலே தெளிவான கறுப்புப் பொட்டு உண்டு. முள்செதில்கள் பலவீனமாக, வாலருகே மட்டும் இருக்கும். செலார் மீனிலும் சில சமயம் மஞ்சள் பட்டை வரும் என்பதால் பட்டையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். மேல்தாடையை விரலால் தடவுங்கள். செலராய்டிஸில் அங்கே பல்லே இருக்காது.

இனி நீங்கள் அதிகம் விற்கப் போகும் அகலப் பாரைகள். முள்செதில் உண்டு, குட்டித் துடுப்பு இல்லை, உடல் உயர்ந்து தட்டையாக இருக்கும். இவற்றில் பார்க்க வேண்டிய இடம் நெஞ்சு. மீனை மல்லாக்கப் போட்டு, தொண்டையிலிருந்து வயிற்றுத் துடுப்பு வரையுள்ள பகுதியைப் பாருங்கள். அங்கே செதில் இருக்கிறதா, வழுவழு என்று வெறும் தோலா? இனங்கள் பிரிவது பெரும்பாலும் இங்கேதான்.

எச்சரிக்கை ஒன்று. இழுவலையில் வந்த மீன் மடிக்குள் உரசி உரசி நிறையச் செதிலை இழந்திருக்கும். உதிர்ந்த இடமும் வெறும் தோல் மாதிரி தெரியும். நகத்தால் பின்னிருந்து முன்னாக மெல்லச் சுரண்டிப் பாருங்கள். செதில் இருந்து உதிர்ந்த இடத்தில் வலை பின்னிய மாதிரி சின்னச் சின்னப் பைகளின் தடம் தட்டுப்படும். பிறவியிலேயே செதில் இல்லாத இடம் ஒரே வழவழப்பாக இருக்கும். செவுள் வலையிலோ தூண்டிலிலோ வந்த மீனில் இந்தக் குழப்பம் குறைவு. அதனால் பழகுவதற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் நல்ல காலம். விசைப்படகு ஓடாது, தேவனாம்பட்டினத்திலும் வீராம்பட்டினத்திலும் பைபர் படகில் கொஞ்சமாக வரும் மீன் செதிலோடு முழுசாக இருக்கும். கரையிலேயே நின்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நெஞ்சு வெறுமையாக இருந்து, வயிற்றுத் துடுப்புக்கு முன்னால் மட்டும் ஒரு சின்னத் திட்டாகச் செதில் இருந்தால், கூடவே நெற்றி செங்குத்தாக இறங்கினால், செவுளில் கறுப்புப் பொட்டும் இல்லாவிட்டால், அது கேரங்க்ஸ் இக்னோபிலிஸ். தூண்டில்காரர்கள் ஜி.டி. (ஜயண்ட் ட்ரெவலி) என்று கொண்டாடும் மீன். கேரங்க்ஸ் பேரினத்திலேயே பெரியது, 170 சென்டிமீட்டர், 80 கிலோ வரை வளரும். இக்னோபிலிஸ் என்றால் 'உயர்குலம் அல்லாதது' என்று அர்த்தம். இந்த மீனுக்கு அப்படிப் பெயர் வைத்ததை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நெஞ்சு முழுவதும் செதில் மூடி, கண் பெரிதாக, செவுள் மூடியின் மேல் ஓரத்தில் சின்னக் கறுப்புப் பொட்டு, இரண்டாம் முதுகுத் துடுப்பின் நுனியில் வெள்ளை, முள்செதில்கள் கறுத்து இருந்தால் கேரங்க்ஸ் செக்ஸ்ஃபேஸியேட்டஸ். துடுப்புகள் மஞ்சளாக, வாலின் மேல் இதழின் நுனி மட்டும் கறுப்பாக இருந்தால் கேரங்க்ஸ் ஹெபெரி. உடம்பில் நீலப் புள்ளிகளும் நீலத் துடுப்பும் உள்ளது கேரங்க்ஸ் மெலாம்பைகஸ்.

நெஞ்சின் வெறும் தோல் மார்புத் துடுப்பின் அடி வரைக்கும் ஏறிப் போயிருந்தால், பழைய நூல்களில் கேரங்காய்டிஸ் என்று இருக்கும் கூட்டம். மலபாரிகஸ் அதில் ஒன்று, நம் பக்க இழுவலையில் சாதாரணமாக வரும். அண்மை வருடங்களில் இந்தக் கூட்டத்தையே பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள், ஆகையால் புதிய பட்டியலில் வேறு பெயர் பார்த்தால் பதற வேண்டாம். வியாபாரத்துக்கு இவற்றை ஒரே வகையாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. எல்லாம் நடுத்தர அளவு, வெள்ளைக் கறி, குழம்புக்கும் வறுவலுக்கும் நன்றாக இருக்கும்.

வயிற்றின் நடுவே நீளமாக ஒரு பள்ளம் இருந்து, கறுப்பான வயிற்றுத் துடுப்புகள் அதற்குள் மடங்கி உட்கார்ந்தால் அது ஆட்ரோபஸ் ஆட்ரோபாஸ். இதுவும் மேலே சொன்ன மலபாரிகஸும் 1801-ல் ப்ளாக், ஷ்னைடர் இருவர் பெயரில் அறிவியலுக்குள் வந்தவை. பெர்லினில் இருந்த ப்ளாக்குக்குத் தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார்தான் நம் கடல் மீன்களை அனுப்பிக்கொண்டிருந்தார். கடலூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர் அது. நம் கரை மீன்கள் பெர்லின் வரை போய்ப் பெயர் வாங்கி வந்தன என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கும்.

மஞ்சள் பாரையை வாய்க்குள் விரல் விட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும். உதடு தடித்து ரப்பர் மாதிரி இருக்கும், வளர்ந்த மீனுக்குப் பல்லே கிடையாது. க்னதானோடான் என்ற பெயருக்கே பல்லில்லாத தாடை என்றுதான் பொருள். குட்டியில் பளிச்சென்ற மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டைகள் வரிசையாக இருக்கும். வளர வளரப் பட்டை மங்கி, அங்கங்கே கறுப்புப் புள்ளிகள் மட்டும் மிஞ்சும்.

கண்ணாடிப் பாரையைத் தவறவிட மாட்டீர்கள். செதிலே இல்லாத மாதிரி பளபளக்கும் வெள்ளித் தகடு அது. குட்டியாக இருந்தால் துடுப்பிலிருந்து நூல் நூலாகத் தொங்கும். தண்ணீரில் அதைப் பார்த்தால் சொறி மீன் மிதப்பது போலிருக்கும்.

தோல்பாரையில் முள்செதிலே கிடையாது. பாரையின் பெரிய அடையாளம் இல்லாததால் பலர் இதை வேறு குடும்பம் என்று நினைக்கிறார்கள். அடித்துடுப்புக்கு முன்னால் அந்த இரண்டு தனி முட்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள், கட்டாயம் இருக்கும். செதில்கள் ஊசி மாதிரி மெலிந்து தோலுக்குள் புதைந்திருக்கும். வாய் கண்ணுக்குப் பின்னால் வரை கிழிந்திருக்கும். பக்கவாட்டில் விரல் வைத்த மாதிரி வட்டத் திட்டுகள் வரிசையாக இருக்கும். பக்கக்கோட்டுக்கு மேலே ஒரே வரிசையில் பெரிய திட்டுகள் இருந்தால் அதிகம் வளரும் வகை, கோட்டுக்கு மேலும் கீழும் இரண்டு வரிசை இருந்தால் லைசான் வகை. கருவாட்டுக்கு நல்ல மீன். ஆனால் கையாளும் பையன்களிடம் சொல்லி வையுங்கள், அந்த இரண்டு முட்களிலும் விஷம் உண்டு, குத்தினால் கடுமையாக வலிக்கும். தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் கையை வைத்திருந்தால் வலி குறையும். வீக்கம் ஏறினால் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் தொழிலுக்கு அது முக்கியம். கறுப்பு வௌவால் உண்மையில் வௌவால் கிடையாது. அதுவும் பாரைக் குடும்பம். வாலடியைத் தடவினால் சின்னதாக ஒரு முள்செதில் மேடு தட்டுப்படும். வெள்ளை வௌவாலில் அது இருக்காது. பெயரும் வடிவமும் பார்த்து இரண்டையும் உறவு என்று நினைக்கிறோம், வாலடி வேறு கதை சொல்கிறது. உள்ளூர்ச் சந்தைகளில் குளத்தில் வளர்த்த ரூப்சந்தையும் வௌவால் என்று விற்கிறார்கள். அது நன்னீர் மீன், தாடையில் அரைக்கும் பற்கள் வரிசையாக இருக்கும். வளர்ப்பு மீன்களில் சில்வர் பொம்பானோ பாரைக் குடும்பம். 2011-ல் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் அதன் குஞ்சுகளை உற்பத்தி செய்த பிறகுதான் இந்தியாவில் அதை வளர்ப்பது பரவியது. அதிலும் முள்செதில் இருக்காது, மூக்கு மொண்ணையாக உருண்டிருக்கும்.

இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று ஐஸ். வங்கடை, டெகாப்டீரஸ், செலார் போன்ற சிவப்புக் கறி மீன்கள் வெயிலில் கிடந்தால் கறிக்குள் ஹிஸ்டமின் சேரும். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடிப்பு வந்து, தலைவலி எடுக்கும். சமைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது, கழுவினாலும் போகாது. துறைமுகத்தில் ஐஸ் போடாமல் கிடந்த வங்கடையை விலை குறைவு என்று வாங்க வேண்டாம்.

இன்னொன்று குட்டிப் பாரை. கெடிலமும் உப்பனாறும் கடலில் சேரும் முகத்துவாரத்திலும், பரங்கிப்பேட்டை வெள்ளாற்றிலும், கை அளவு பாரைக் குட்டிகள் வலையில் வரும். அதில் பல இக்னோபிலிஸ், செக்ஸ்ஃபேஸியேட்டஸ் குட்டிகள். ஹவாய்த் தீவுகளில் செய்த ஆய்வில் இக்னோபிலிஸ் முட்டையிடும் பருவத்துக்கு வர சுமார் 60 சென்டிமீட்டர் நீளமும் மூன்று வயதுக்கு மேலும் ஆகிறது என்று கண்டார்கள். கையளவு குட்டியை 'சின்னப் பாரை' என்று கூறு போட்டு விற்பதும், கையளவே முழு வளர்ச்சியான செலராய்டிஸை விற்பதும் ஒன்றல்ல. நெஞ்சையும் நெற்றியையும் பார்த்துப் பிரிக்கத் தெரிந்த வியாபாரி, செலராய்டிஸை வாங்கிக்கொண்டு அந்தக் குட்டிகளை வேண்டாம் என்று சொல்லலாம். வாங்க ஆள் குறைந்தால் அந்தக் குட்டிகள் கரைக்கு வருவதும் குறையும்.

உங்கள் வாடிக்கையாளருக்கு அடுத்த முறை வங்கடையை வங்கடை என்றே எழுதி, பாரையைவிடக் குறைந்த விலையில், முள்பட்டையைச் சீவிக் கொடுங்கள். புளி தூக்கலாக விட்டு, மாங்காய் போட்டு மண்சட்டியில் குழம்பு வைத்து, மறுநாள் காலையில் சாப்பிடச் சொல்லுங்கள்.